பேனா தூக்கிய இடம்

குளியலறைக் கதவைத் தாழிட்டு, விளக்கை அணைத்து, துணி துவைக்கும் இயந்திரத்தின் மூடிமேல் என் நோட்டை விரித்து, கைபேசி வெளிச்சத்தைப் பக்கத்தின் ஓரத்திலிருந்து படுக்கவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்து மூன்று வயசு, ஒரு பிள்ளைக்குத் தாய், வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்குச் செய்கிற வேலையா இது? வெளியே அத்தை, அதாவது என் மாமியார், இரண்டு தடவை கதவைத் தட்டிவிட்டார். "உள்ள என்னம்மா பண்றே? தண்ணி சத்தமே கேக்கலயே" என்றார். இந்த வீட்டில் எல்லாருக்குமே தடய அறிவியல் தெரியும் போலிருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டேன்.

பக்கம் காலிதான். ஆனால் நேற்று சாயங்காலம் பாப்பா இந்த நோட்டை அடியில் வைத்து ஒரு தனித்தாளில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள். நான் அறைக்குள் போனதும் தாளை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "என்ன பாப்பா எழுதறே?" என்றதற்கு, "சும்மா அண்ணி" என்றாள். சும்மா எழுதுகிறவள் எதற்கு மடிக்கிறாள்? அழுத்தி எழுதினால் அடித்தாளில் தடம் விழும், வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இதை எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நாளில், ஒரே மேசையில்தான் சொல்லிக்கொடுத்தார்கள்.

பாப்பா என் நாத்தனார். இருபத்திரண்டு வயசாகியும் வீட்டில் இன்னும் பாப்பாதான். குற்றவியலும் தடய அறிவியலும் சேர்ந்த இரண்டு வருஷப் படிப்பு; பல்கலைக்கழகத்தில் நாங்கள் ஒரே வகுப்பு. கல்யாணத்துக்கு முன்னால் நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவள். பத்து வருஷத்துக்குப் பிறகு திடீரென்று பாப்பா இரண்டு விண்ணப்பத்தோடு வந்து நின்றாள். ஒன்று அவளுக்கு, ஒன்று எனக்கு. அண்ணனிடம் அவளே பேசினாள், அம்மாவிடமும் அவளே பேசினாள். எனக்கு அன்றைக்கே மூக்கு வேர்த்தது. அவளுக்கு நான் காவலா, இல்லை எனக்கு அவள் காவலா? யாரிடமும் கேட்கவில்லை. கேட்டு, கிடைத்ததையும் கெடுத்துக்கொள்ள நான் என்ன பைத்தியமா?

சந்தேகப்படக் காரணம் இருந்தது. நான் கல்யாணமாகி வந்தபோது அவளுக்குப் பதினொரு வயசு. வீட்டின் ஒலிபெருக்கி அவள்தான். நான் தட்டை உடைத்து, துண்டுகளைக் காகிதத்தில் சுற்றிக் குப்பைக்கூடையின் அடியில் வைத்தால், சாப்பாட்டு நேரத்தில் "அண்ணி ஒரு தட்ட உடைச்சு ஒளிச்சு வெச்சிருக்காங்க" என்பாள். ஒரு நாள் விருந்தாளிகள் கூடத்தில் உட்கார்ந்திருக்க, ஓடிவந்து, "அம்மா, அண்ணி பாத்ரூம்ல அழறாங்க" என்று சத்தமாகச் சொன்னாள். நான் முகத்தைக் கழுவிக்கொண்டு சிரித்தபடி வெளியே வரவேண்டியதாயிற்று. அந்தச் சிரிப்புக்கு நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். செய்முறைக் கூடத்தில் ஒரு இரும்பு அலமாரி உண்டு. பயிற்சிக்கான சான்றுப் பொருட்களைக் காகித உறைகளில் போட்டு, எண் ஒட்டி அதில் வைத்திருப்பார்கள். ஒன்றை எடுத்தாலும் திரும்ப வைத்தாலும் பக்கத்திலிருக்கும் பதிவேட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். போன வாரம் செவ்வாய்க்கிழமை நானும் பாப்பாவும் ஏழாம் எண் உறையை எடுத்தோம். கண்ணாடி விரிசல்விட்ட ஒரு கைக்கடிகாரம். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மகளின் பள்ளியிலிருந்து அழைப்பு. பிள்ளை வாந்தி எடுத்திருக்கிறாள். "பாத்துக்கோ" என்று பாப்பாவிடம் சொல்லிவிட்டு ஓடினேன். பிள்ளையை அத்தையிடம் விட்டுவிட்டு மூன்று மணிக்குத் திரும்பிவந்தால், கூடத்தில் ஒருத்தரும் இல்லை. ஏழாம் எண் உறை மேசை விளக்கின் அடியில் அனாதையாகக் கிடந்தது. பாப்பா குற்றவியல் வகுப்புக்குப் போயிருந்தாள்.

அந்த வாரம் பதிவேட்டுக்குப் பொறுப்பு நான். மதிப்பெண் குறையும். குறைந்தால், "வீட்டையும் பாக்க முடியல, படிப்பையும் பாக்க முடியல, போதும் விடு" என்று சொல்ல என் வீட்டுக்காரருக்கு ஒரு சாக்கு கிடைக்கும். அவர் கெட்டவர் இல்லை, ஆனால் சாக்குக்காகக் காத்திருக்கிறவர். உறையை அலமாரியில் வைத்தேன். பதிவேட்டில் 12.10 என்று எழுதினேன். என் கையெழுத்தைப் போட முடியாது. அந்த நேரத்தில் நான் பள்ளியில் இருந்ததாக அங்குள்ள வாயில் பதிவேடு சொல்லும். ஆகவே பாப்பாவின் கையெழுத்தைப் போட்டேன். படித்த படிப்பு எதற்குப் பயன்பட்டது பாருங்கள். அவள் கையெழுத்தின் கடைசியில் ஒரு வால் இறங்கும், ஒரே இழுப்பில் இடதுபக்கம் வளைந்து முடியும். எனக்கு அந்த வளைவு வரவில்லை. வாலை நேராக இறக்கி, பாதியில் பேனாவைத் தூக்கி, மறுபடி வைத்துக் கோடு போட்டேன்.

அன்றைக்குப் பேருந்தில் அவளிடம் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன பிரயோஜனம், அவளே பதிவேட்டைப் பார்ப்பாளே. "ஐயோ அண்ணி!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். இறங்கும்போது, "இதுல மாட்டினா உங்கள மறுபடி யாரும் படிக்க அனுப்ப மாட்டாங்க, இல்ல?" என்றாள். கேள்வியா, மிரட்டலா?

திங்கட்கிழமை வெடித்தது. செய்முறைக் கூட உதவியாளர் அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு உறை மேசையில் கிடந்ததைப் பார்த்திருக்கிறார். பதிவேடோ 12.10 என்கிறது. ஆவணப் பரிசோதனை நடத்தும் பேராசிரியர், மாணவர்கள் வைத்த பெயர் பூதக்கண்ணாடி, வகுப்பில் நின்று நிதானமாகச் சொன்னார். "பொருளை வெளிய விட்டுட்டுப் போனது கவனக்குறைவு. மார்க் குறைப்பேன், அவ்வளவுதான். ஆனா ரெஜிஸ்டர்ல பொய் எழுதினவங்க இந்தப் படிப்புல இருக்க மாட்டாங்க. தெரிஞ்சவங்க வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள எழுதிக் குடுங்க." சொல்லும்போது யாரையும் பார்க்கவில்லை. பாப்பாவும் என்னைப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

அவள் செய்யவேண்டியது ஒன்றே ஒன்று. 'அது என் கையெழுத்து இல்லை.' ஒரு வரி. சொல்லிவிட்டால் நான் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதற்குப் பிறகு மூன்று நாளாகப் பாப்பா வழக்கத்துக்கு மாறாக அமைதி. சாப்பிடும்போது நான் என் பயிற்சித்தாள்களில் குறிப்பு எழுதினால் என் விரல்களையே பார்ப்பாள். "என்ன?" என்றால், "ஒண்ணுமில்ல அண்ணி" என்பாள். பேசாமல் இருக்கிற ஒலிபெருக்கி எதற்கோ தயாராகிறது என்றுதானே அர்த்தம்?

இப்போது குளியலறையில் வெளிச்சம் போதவில்லை. கோடுகள் நெளிகின்றன, பிடிபடவில்லை. பென்சிலால் தேய்க்கக் கூடாது, தடம் பாழாகிவிடும் என்று பூதக்கண்ணாடி தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். நான் மகளின் பென்சிலை எடுத்துத் தேய்த்தேன். கறுப்புக்குள்ளிருந்து வெள்ளைக் கோடுகள் எழுந்துவந்தன.

கடிதம் இல்லை. கையெழுத்து. பாப்பாவின் கையெழுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக, முப்பதுக்கு மேல். மேலே முதல் நான்கைந்தில் வால் இடதுபக்கம் வளைகிறது. அதற்குப் பிறகு நேராக இறங்குகிறது. பாதியில் நிற்கிறது. ஒரு சின்ன இடைவெளி. மறுபடி கோடு. நான் பேனாவைத் தூக்கிய அதே இடம்.

சந்தேகத்துக்குரிய கையெழுத்தை அலசுவதற்கு முன்னால் அதைப் பலமுறை எழுதிப் பாருங்கள், போட்டவனின் கைப்பழக்கம் உங்களுக்குப் பிடிபடும் என்பது வகுப்பில் சொன்ன பாடம். ஆக, அறிக்கை தயாராகிறது. நிஜம் இப்படி இருக்கும், பொய் இப்படி இருக்கிறது, தூக்கிய இடம் இதோ என்று என்னை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கொடுக்கப் போகிறாள். அடிப்பாவி, உனக்குத் தலை பின்னிவிட்ட கையடி இது! பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். வெளியே வந்து, "பாப்பா எங்கே?" என்றேன்.

"லைப்ரரில வேலையாம். ஏழு மணிக்கே போயிட்டா" என்றார் அத்தை.

ஏழு மணிக்கு எந்த நூலகம் திறந்திருக்கும்?

பூதக்கண்ணாடியின் அறையில் காகித வாசனை. மேசையில் அந்தப் பதிவேடு திறந்தே கிடந்தது. முந்திக்கொள்ள வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

"சார், அந்தக் கையெழுத்து என் நாத்தனாரோடதுதான்."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் அப்ப ஸ்கூல்ல இருந்தேன் சார். வேணும்னா அவங்க கேட்ல இருக்கற நோட்டப் பாருங்க."

"நான் கேக்கறதுக்கு முன்னாலயே சாட்சியக் கூட்டிட்டு வந்துட்டீங்க" என்று சிரித்தார். "எழுதிக் குடுங்க."

எழுதினேன். ஒரு பொய்யை எழுத ஆரம்பித்தால் கை அதன்பாட்டுக்கு ஓடுகிறது. அது அவளுடைய கையெழுத்துதான் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நம்பவேண்டுமே என்று இன்னொரு வரியும் சேர்த்தேன்: 'சிறு வயதிலிருந்தே அவளுக்குப் பொய் சொல்லும் பழக்கம் உண்டு.'

அவர் வாங்கிப் படித்தார். இழுப்பறையைத் திறந்து, மடிப்பு விழுந்த ஒரு தாளை எடுத்து என்னுடையதன் பக்கத்தில் வைத்தார். பாப்பாவின் எழுத்து. தலைகீழாகவே படித்தேன். உறையை மேசையில் விட்டுவிட்டுப் போனது நான். அதை மறைக்கப் பிறகு 12.10 என்று எழுதிக் கையெழுத்துப் போட்டதும் நான்தான். அண்ணிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

"காலைல நான் கதவத் தொறக்கறதுக்கு முன்னாலயே வந்து நின்னுட்டிருந்தா" என்றார். "நீங்க சொல்றதும் அவ சொல்றதும் அப்படியே ஒத்துப்போகுது. ரெண்டு பேரும் ஒரே வீட்டுலேருந்து வர்றீங்க. இவ்வளவு சுத்தமா ஒத்துப்போனா எனக்குக் கொஞ்சம் இடிக்கும்மா."

பையிலிருந்த கறுப்புத்தாள் துணியைத் தாண்டிச் சுடுவது போலிருந்தது. முப்பது தடவை அவள் என்னைப் பிரித்துப் பார்க்கவில்லை. என்னைப் போலப் போடப் பழகியிருக்கிறாள். சாப்பாட்டு மேசையில் என் விரல்களை அதற்குத்தான் பார்த்திருக்கிறாள்.

பாப்பாவை வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தார். வந்தவள் என்னை அங்கே பார்த்ததும் திடுக்கிட்டாள். பிறகு, 'நீங்க ஏன் வந்தீங்க, நான் பாத்துக்கறேன்ல' என்பது போலக் கண்ணால் சைகை செய்தாள். பதினொரு வருஷமாக அந்தக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் சரியாகப் பார்த்தேன்.

பூதக்கண்ணாடி கோடு போட்ட ஒரு தாளையும் மைப்பேனாவையும் அவள் முன்னால் வைத்தார். "உன் கையெழுத்த இருபது தடவ போடு. அவசரம் வேண்டாம்." பிறகு என் பக்கம் திரும்பி, "அடுத்தது நீங்க. நீங்களும் அவ கையெழுத்தத்தான் போடணும்" என்றார்.

பாப்பா எழுத ஆரம்பித்தாள். முதல் வரியில் வால் நேராக இறங்கியது. பாதியில் பேனா எழும்பியது, ஒரு மூச்சு விடும் நேரம், மறுபடி இறங்கியது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதிலும். நெற்றியில் வியர்வை, நாக்கு உதட்டோரத்தில். சின்ன வயசில் வீட்டுப்பாடம் எழுதும்போதும் இப்படித்தான் நாக்கை வைத்துக்கொள்வாள். தன் சொந்தக் கையெழுத்தை என் கள்ளக் கையெழுத்து மாதிரி போட்டுக்கொண்டிருந்தாள். தட்டு உடைந்தது நிஜம். நான் அழுததும் நிஜம். என்னைப் பற்றி இந்தப் பெண் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவள் வாழ்க்கையில் சொல்லும் முதல் பொய் இதோ என் கண் முன்னால், எனக்காக, வரிவரியாக இறங்கிக்கொண்டிருந்தது. சொல்லடி, வாயைத் திறந்து சொல்லித் தொலை என்று எனக்குள் யாரோ கத்தினார்கள். "சார்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

பதினோராவது முடிந்தது. பேனாவில் மை வர ஒரு உதறு உதறியவள், தாளை நகர்த்திக்கொள்ள இடதுகையை மேசையில் வைத்தாள். அந்தக் கைக்குப் பக்கத்தில்தான் நான் எழுதிக்கொடுத்தது திறந்து கிடந்தது. அவள் கண் அதில் விழுந்தது. எடுக்கப் பார்த்தேன். "இருக்கட்டும்" என்றார் பூதக்கண்ணாடி.

அவள் மெதுவாகப் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் மறுபடி அந்த வரியின் ஆரம்பத்துக்குப் போனாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம். திட்டியிருக்கலாம், ஓங்கி ஒன்று கொடுத்திருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பேன்.

பேனாவை எடுத்துப் பன்னிரண்டாவது வரியில் வைத்தாள். எழுத்துகள் வழக்கம்போல வந்தன. கடைசி எழுத்து முடிந்து, வால் தொடங்கும் இடத்தில் முனை நின்றது. இடதுபக்கம் வளையவில்லை, நேராக இறங்கவுமில்லை. மேசையின் அந்தப் பக்கம் பூதக்கண்ணாடி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு முன்னால் குனிந்தார். தூக்காத பேனாவின் முனையிலிருந்து மை ஊறி, ஒரு புள்ளியாகி, காகிதத்தில் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.