எண்ணாமல் கொடுத்த தண்ணீர்

மகள் விளையாட்டுப் பெட்டியை மேஜையில் வைத்து, மூடியின் மேலிருந்த தூசியை முழங்கையால் துடைத்தாள். பதினோரு மாதத் தூசி. நானும் மச்சானும் ஒருவரையொருவர் பார்க்காமல் நாற்காலிகளை இழுத்துப் போட்டோம். நான்காவது நாற்காலியை யாரும் தொடவில்லை.

அது கப்பல் விளையாட்டு. எல்லோரும் ஒரே கப்பலில் போகிறோம். கரை சேர்ந்தால் எல்லோருக்கும் வெற்றி. ஆனால் கறுப்புச் சீட்டு யாருக்கு வருகிறதோ, அவர் ரகசியமாகக் கப்பலைக் கவிழ்க்க வேண்டும். குலுக்கலில் கேப்டனாகிறவர் நீலக் கண்ணாடி மணிகளைத் தண்ணீராகப் பங்கிட்டுத் தருவார். கேப்டனே துரோகி என்றால் பிழைப்பது கஷ்டம். இரண்டு கை உயர்ந்தால் அவரை இறக்கிவிடலாம். சந்தேகம் தவறென்றால் பாதித் தண்ணீர் போய்விடும்.

என் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவள். அவளுடைய பயிற்சிப் பள்ளியின் மஞ்சள் தொப்பிதான் எங்கள் கேப்டன் தொப்பி. நேர்மையான கேப்டனாக இருக்கும்போது அவளைப் போல் கஞ்சம் கிடையாது. "உனக்கு ரெண்டு போதும்டா. தொண்டை நனைஞ்சா சரி" என்று சொந்தத் தம்பியிடமே கறாராகப் பேசுவாள். கறுப்புச் சீட்டு வந்துவிட்டால் மட்டும் எண்ணாமல் அள்ளிக் கொடுப்பாள், பாதி வழியில் தண்ணீர் தீரட்டும் என்று. இதை நாங்கள் மூவரும் கண்டுபிடித்து வைத்திருந்தோம். அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

கடைசியாக ஆடிய ஞாயிறு மதியமும் அவள்தான் கேப்டன். மகளின் உள்ளங்கை நிறைய மணிகளை வைத்து, விரல்களைத் தானே மூடிவிட்டாள். மகள் சிரித்துக்கொண்டே கையைத் தூக்கினாள்.

"மாட்டிக்கிட்டியா அம்மா!"

மச்சானும் தூக்கினான். "அக்கா, தொப்பியக் கழட்டு."

அவள் சீட்டைத் திருப்பினாள். வெள்ளை. கறுப்பு என்னிடம் இருந்தது.

"பெத்த பொண்ணே கவுத்துட்டா பாருங்க" என்று சிரித்தபடி தொப்பியை என் தலையில் வைத்தாள்.

மருத்துவமனை அறிக்கை நான்கு நாட்களாக அவள் கைப்பையில் கிடந்தது மறுநாள்தான் தெரிந்தது. எதையோ மறைக்கிறாள் என்ற வரையில் எங்கள் கணக்கு சரிதான்.

அவள் போன பிறகு ஒருநாள், பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் மகள் சொன்னாள்: "மொதல்ல கை தூக்குனது நான்தானப்பா." பெட்டியை அலமாரியின் உச்சியில் ஏற்றியதும் அவள்தான். இன்று அவளே இறக்கியிருக்கிறாள்.

குலுக்கலில் நான் கேப்டன். மச்சான் தொப்பியை மாட்டிவிட்டான். "உங்களுக்குப் பெரிசா இருக்கே மச்சான்."

"உங்கக்கா தலைக்கனத்துக்குத் தைச்சதுடா."

மகள் லேசாகச் சிரித்தாள். நான் சீட்டை ஓரமாகத் தூக்கிப் பார்த்தேன். கறுப்பு.

எனக்கு மறைக்கத் தெரியும். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட யாரும் என்னைப் பிடித்ததில்லை. கஞ்சமாகக் கொடுத்து, நல்லவனாக நடித்து, கரைக்குப் பக்கத்தில் கவிழ்த்துவிடலாம். ஆனால் நான் மணிப் பையைக் கவிழ்த்தேன். எண்ணவில்லை. மகளின் உள்ளங்கையை நிரப்பி, விரல்களை ஒவ்வொன்றாக மூடினேன்.

மச்சான் என்னையே பார்த்தான். பிறகு கையைத் தூக்கினான்.

"அப்பா, இது அதிகம்ப்பா."

"கேப்டன் குடுத்தா பேசாம வாங்கிக்கணும்."

அவள் மணிகளை மேஜையில் கொட்டினாள். வியர்த்த உள்ளங்கையில் ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கை மேஜையிலிருந்து ஒரு சாண் எழுந்து அங்கேயே நின்றது. நீல மணி இன்னும் விழவில்லை.