இரண்டு மணிப் பால்

அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தாள். கூடத்தில் அப்பாவைக் கிடத்தி ஐந்து மணி நேரம் ஆகியிருந்தது.

பின்கட்டைக் கழுவிவிடப் போகிறாள் போல என்றுதான் மகள் நினைத்தாள். சாவு வீட்டில் சிலர் அப்படித்தான், கையைச் சும்மா வைத்திருக்க முடியாமல் எதையாவது தேய்த்துக்கொண்டே இருப்பார்கள். ஆனால் அம்மா எழுந்து ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டையை எடுத்து, புடவைக்கு மேல் போட்டுக்கொண்டாள்.

"எங்கம்மா கிளம்பற?"

"ரெண்டு மணிப் பால் குடுக்கணும். போயிட்டு வந்துடறேன்."

கடைக்குப் போவதைப் போலச் சொன்னாள். காலையிலிருந்து அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. யார் கட்டிக்கொண்டு அழுதாலும் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், அவ்வளவுதான்.

அத்தைக்குக் காது கூர்மை. அண்ணன் தலைமாட்டிலிருந்து எழுந்து நேராகப் பின்கட்டுக்கு வந்தாள். "நாலு மணிக்கு எடுக்கறதுன்னு எல்லாருக்கும் சொல்லியாச்சு. புருஷனைக் கூடத்துல போட்டுட்டு மிருகத்துக்குப் பால் ஊத்தப் போறியா? நாலு பேர் என்ன பேசுவாங்க?"

அம்மா பட்டனைப் போட்டுக்கொண்டே இருந்தாள். மேல் பட்டன் துளைக்குள் போகவில்லை. மகள்தான் கை கொடுத்தாள்.

"நான் கூடப் போறேன் அத்தை. மூணரைக்குள்ள கூட்டிட்டு வந்துடறேன்."

அப்பாவின் வேனைத்தான் எடுத்தாள். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேன். அவருடைய நீளக் கால்களுக்காக இருக்கை பின்னால் தள்ளியே இருந்தது. அதை முன்னுக்கு இழுக்க மனம் வராமல், நுனியில் உட்கார்ந்து எட்டி எட்டி மிதித்து ஓட்டினாள். அம்மா ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அம்மா உயிரியல் பூங்காவில் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம். மூன்று மாதத்துக்கு முன்பு, மான்கள் இருந்த பழைய அடைப்பை இடித்து உயரமான கொட்டகை கட்டி, ஒட்டகச்சிவிங்கி ஜோடி ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்கள். பெண் சினையாக இருந்தது வந்த பிறகுதான் தெரிந்தது. நான்கு நாளைக்கு முன்பு குட்டி போட்டது. விழுந்து எழுந்து நிற்கும்போதே ஆறடி. தாய்க்கு அதைப் பிடிக்கவில்லை. பால் தேடி வந்த குட்டியை இரண்டு முறை உதைத்துத் தள்ளியது. அன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாதான் புட்டிப்பால் கொடுத்தாள். வேறு யார் கையையும் அது அண்டவிடவில்லை. "என் பொண்டாட்டியப் பார்க்க இனிமே நான் டிக்கெட் வாங்கணும்" என்று நேற்றுத்தான் அப்பா போனில் சொல்லிச் சிரித்தார்.

வாசலில் பெரிய பேனர். குட்டியின் படம் போட்டு, 'புதுவரவு! ஞாயிறு முதல் காணலாம்' என்று எழுதியிருந்தது. பக்கத்தில் குட்டிக்குப் பெயர் எழுதிப் போட ஒரு பெட்டி. அதைச் சுற்றிப் பிள்ளைகள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா தலை குனிந்து அவர்களுக்கு நடுவே நுழைந்து போனாள்.

கொட்டகையில் மிருக டாக்டர் காத்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"பதினோரு மணிக்கு நான் குடுத்துப் பார்த்தேன். சுவத்துல போய் மோதிக்குது. ஊசி போட்டதுலேருந்து என்னைக் கண்டாலே ஆகலை." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க வந்திருக்க வேணாம்மா."

"எப்படி இருக்கு?"

"இப்பவும் குடிக்கலைன்னா தாங்காது."

குட்டி மூலையில் நான்கு கால்களையும் அகட்டி நின்றது. முழங்கால்கள் நடுங்கின. அம்மா முக்காலியில் ஏறி, புட்டியை நீட்டினாள். அது முகத்தைத் திருப்பிக்கொண்டது. புட்டியின் ரப்பர் காம்பை அதன் உதட்டில் தடவினாள். பால் கழுத்து வழியாக ஒழுகியது. புட்டியை வெந்நீரில் வைத்து எடுத்து மறுபடி நீட்டினாள். மறுபடியும் இல்லை.

மகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இரண்டே முக்கால். பிறகு மூன்று. வீட்டிலிருந்து அத்தை போனில் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டாள்.

"அம்மா, போதும்மா. அங்க எல்லாரும் காத்துட்டிருக்காங்க. வாம்மா."

"இரு."

"அது குடிக்காதும்மா. உனக்கே தெரியுதில்ல?"

"குடிக்கும். ஒரு வாய் குடிச்சிடு. ஒரே ஒரு வாய், என் கண்ணுல்ல. ஒரு வாய்." அம்மா குட்டியின் தாடையைப் பிடித்துக் கெஞ்சினாள். குரல் உடைந்து, யாரோ வேறு பெண்ணின் குரல் போல இருந்தது.

மகளுக்குப் பொறுக்கவில்லை. "அப்பாவைத் தனியாப் போட்டுட்டு வந்திருக்கோம்மா."

அம்மாவின் கை அப்படியே நின்றது.

"காலைலயும் தனியாத்தான் விட்டுட்டு வந்தேன்" என்றாள், குட்டியைப் பார்த்தபடியே. "கிளம்பறப்போ நெஞ்சைக் கரிக்குதுன்னார். இருக்கட்டுமான்னு கேட்டேன். ராத்திரி சாப்பிட்டது ஒத்துக்கலை, வேற ஒண்ணுமில்ல, உன் புள்ளை பசியோட நிக்கும் போன்னார். போயிட்டேன். ஏழரைக்குத் திரும்பி வந்தா..."

டாக்டர் கதவுப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இதுவும் போச்சுன்னா, அப்ப நான் எதுக்கு எழுந்து வந்தேன்? சொல்லு. எதுக்கு வந்தேன்?"

நெஞ்சு கரித்த விஷயம் மகளுக்கு இப்போதுதான் தெரிகிறது. அவள் வாளியிலிருந்த துணியைப் பிழிந்து, குட்டியின் கழுத்தில் ஒழுகியிருந்த பாலைத் துடைக்கத் தொடங்கினாள். மேலிருந்து கீழாக, மெதுவாக. ரோமத்துக்கு அடியில் அதன் நரம்பு படபடவென்று அடித்தது. துடைத்துக்கொண்டே இருந்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. நடுக்கம் கொஞ்சம் மட்டுப்பட்டது.

சப்பென்று ஒரு சத்தம். பிறகு இன்னொன்று.

குட்டி ரப்பரைக் கவ்வியிருந்தது. நான்கு வாய் இழுத்துவிட்டு நிறுத்தியது. மறுபடி இழுத்தது.

கடிகாரத்தில் மூன்று இருபத்தைந்து. வீட்டுக்குப் போக அரை மணி நேரம் ஆகும். இரண்டு லிட்டர் புட்டியில் விரலளவுதான் இறங்கியிருந்தது.

"புட்டியை எடுத்தா மறுபடி வாய வைக்காது" என்றாள் அம்மா. "நீ போம்மா. நீயாவது அப்பாகிட்ட இரு."

மகள் முக்காலியின் மறுபாதியில் ஏறினாள். அம்மாவின் விரல்களுக்குக் கீழே தன் விரல்களைக் கொண்டுபோனாள். குட்டியின் காது ஒரு முறை விறைத்து, தணிந்தது. வாய் நிற்கவில்லை.

"நான் பிடிச்சிருக்கேன். விடு."

"உங்கப்பாவைக் கடைசியா நீ..."

"நான் காலைலேருந்து அவர் முகத்தையேதான் பார்த்துட்டிருந்தேன். நீதாம்மா இன்னும் பார்க்கலை."

அம்மா அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். டாக்டர் கார்ச் சாவியுடன் முன்னால் நடந்தார். ரப்பர் பூட்ஸின் சத்தம் சிமெண்ட் தரையில் முதலில் நடையாகவும், வாசல் தாண்டியதும் ஓட்டமாகவும் கேட்டது.

மதிலுக்கு அப்பால் பிள்ளைகள் ஆளுக்கொரு பெயரைக் கத்திக்கொண்டிருந்தார்கள். புட்டி அரைவாசி ஆனபோது மகளின் தோள் மரத்துவிட்டது. கடிகாரத்தின் பெரிய முள் பன்னிரண்டை நெருங்கியது. அவள் அங்கிருந்து கண்ணை எடுத்தாள். இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிப் பிடித்து, புட்டியை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள். குட்டி கண்களை மூடிக்கொண்டு குடித்தது.