ஊதாத குழாய்

…ஆகவே உலக மருத்துவ வரலாறு இனிமேல் எங்கள் ஊர் ஆரம்பாக்கத்துக்கு முன், ஆரம்பாக்கத்துக்குப் பின் என்று இரண்டாகப் பிரியும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கண்ணாடி விரியன் விஷம் ஒரு பங்கு, காய்ச்சி வடித்த நீர் பத்தாயிரம் பங்கு, அதில் பஞ்சை நனைத்துத் தம்பி ரவூபின் பல் குழியில் வைத்தால் அரை நிமிஷத்தில் ரத்தம் உறையும், உறைந்தே தீர வேண்டும், பி.எஸ்ஸி. இரண்டாம் வருஷம் நான், விரியனுக்கே தெரியாததெல்லாம் எனக்குத் தெரியும்… தம்பி ஆடின கடைவாய்ப் பல்லைத் தானே பிடுங்கிக்கொண்டு இன்றோடு மூன்று நாள், கிண்ணத்தில் துப்பிக்கொண்டே இருக்கிறான், முகம் சுண்ணாம்பு மாதிரி… முகத்தைப் பார்க்காதே, குழாயைப் பார். முதலில் கண்ணாடிக் குழாயில் சோதனை, அப்புறம்தான் வாயில், விஷமாயிற்றே. விஷம் சீமைப் பொடியாக வந்தது, ஆசிரியரிடம் கெஞ்சி வாங்கியது, வெயிலில் ரயிலில் வந்ததில் வீரியம் போயிருந்தால்? போயிருக்காது. போயிருந்தால்? பதினொன்றரை பாசஞ்சரில் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு… போன வருஷம் உம்மாவின் தம்பியை, எங்கள் மாமாவை, இதே மாதிரி நிற்காத ரத்தத்தோடு ஏற்றிக்கொண்டு போன அதே பாசஞ்சர். மாமா கும்மிடிப்பூண்டி தாண்டவில்லை.

இந்த வீட்டில் இன்னொரு வைத்தியரும் உண்டு, உம்மா. காய்ச்சலா, ஓதி ஊது, பரீட்சையா, பேனாவில் ஊது. கல்லூரி விடுதி மேடையில் இதை நடித்துக் காட்டி நான் வாங்கிய கைத்தட்டல் கொஞ்சமில்லை, எங்கள் உம்மா இருக்கும் ஊருக்கு மின்விசிறி தேவையில்லை என்பேன்… பட்டணத்து டாக்டர் சொன்னதை நான்தான் உம்மாவுக்கு விளக்கினேன், தாய்வழியில் வந்து ஆண்பிள்ளைகளைப் பிடிக்கிற, ரத்தம் உறையாத நோய் என்று. "அப்போ நான் குடுத்ததாடா?" என்றாள். "ஆமா உம்மா, உன் வழியாத்தான்." பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொன்னேன். அன்றிலிருந்து ஊதுவது அதிகமாகிவிட்டது.

சற்றுமுன் ரவூபின் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து, மருந்து விட்டு, கடிகாரத்தைத் திரும்பிப் பார்ப்பதற்குள் உம்மா குனிந்து, பிஸ்மில்லா சொல்லி, குழாய் வாயிலேயே ஊதிவிட்டாள்.

"இன்னா உம்மா இது! இப்போ உறைஞ்சா பாம்பு உறைய வச்சுதா, நீ உறைய வச்சியான்னு யாரு சொல்றது?"

"யாரு வச்சா இன்னாடா, நின்னா போதாதா?"

சோதனை கெட்டது என்று முற்றத்தில் உதறிக் கொட்டினேன், மறுபடி குத்தினேன், இந்தக் குத்தும் லேசில் நிற்காது என்று தெரிந்தே குத்தினேன், கடைசிச் சொட்டு மருந்தையும் விட்டேன், இது ஊதாத குழாய், சுத்தமான விஞ்ஞானம்… சாய்க்கிறேன், ஓடுகிறது. அரை நிமிஷம், ஓடுகிறது. நான்கு நிமிஷம், தண்ணீராய் ஓடுகிறது. தடா பக்கம் ரயில் ஊதுகிறது, அதுவும் ஊதுகிறது… முதல் குழாயை ஏன் உதறினேன்? ஓடுகிற ரத்தம் கவிழ்த்தாலே ஒழுகிவிடுமே, அதை உதறுவானேன்? உள்ளே கட்டியாக நின்றதா, இல்லை கோபத்தில்தான் உதறினேனா? நான் பார்க்கவில்லை. பார்க்கவே இல்லை. அந்த இடத்தைக் கோழி கிளறிவிட்டது… உம்மா உள்ளே அவனுக்குச் சட்டை எடுக்கிறாள். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன், குழாயை வாயருகே கொண்டுபோனேன்.

"இன்னாண்ணே, ஊதிக்கினு கீறே?" வாய் நிறையப் பஞ்சோடு ரவூப்.

"தூசிடா" என்றேன். பிஸ்மில்லாவுக்கு அப்புறம் உம்மா என்ன ஓதுவாள்… இரண்டு வருஷமாக மேடையேறி நடித்தவனுக்கு உதட்டசைவு மட்டும்தான் தெரிகிறது.