இரண்டாவதாக வைத்த படம்

பிங்பாங் பந்தை இரண்டாக வெட்டிக் கண்களில் ஒட்டி, காதில் இரைச்சலைப் போட்டு, நாளுக்கு ஒரு தடவையாக நாற்பது நாள் படுத்துக் கிடந்தாள் ஐசா. வேறோர் அறையில் ஒருவன் ஒரு படத்தையே பார்த்துக்கொண்டிருப்பான். பிறகு நான்கு படங்களை நீட்டி, அவன் பார்த்தது எதுவாக இருக்கும் என்று அவளை வரிசைப்படுத்தச் சொல்வார்கள். எடின்பரோவின் அந்த ஆய்வுக்கூடத்துக்கு எல்லாரும் தங்களுக்கு மனசாலேயே அறியும் சக்தி இருக்கிறது என்று காட்ட வருவார்கள். ஐசா, இல்லை என்று தெரிந்துகொள்ள வந்தாள். மகன் ஃபெர்கஸின் படகு கவிழ்வதை முந்தைய நாளே கனவில் கண்டவள் அவள். காலையில் கஞ்சி ஊற்றிக் கொடுத்து, ஒரு வார்த்தை சொல்லாமல் கடலுக்கு அனுப்பிவிட்டாள்.

"நாற்பதுக்குப் பத்து குருட்டாம்போக்குலயே வரும். உங்களுக்கும் பத்துதான்," என்றாள் கணக்குப் பார்க்கும் எல்ஸ்பெத். "அது வெறும் கனவும்மா."

ஐசா மேசையில் தலை சாய்த்து அழுதாள். அடுத்த வாரம் ஓட்ஸ் ரொட்டி சுட்டு டப்பா நிறையக் கொண்டுவந்தாள்.

தலைவர் கின்னியருக்குத்தான் அந்தப் பத்து தொண்டையில் சிக்கியது. பதினெட்டு தடவை ஐசா சரியான படத்தை இரண்டாவதாக வைத்திருந்தாள்.

"முதல் ரெண்டு இடத்தையும் சேத்துக்கோ. இருபத்தெட்டு. தற்செயல்னா இருபதுதான் வரணும்."

"முதலிடம் மட்டும்தான் கணக்குன்னு ஆரம்பத்துலயே எழுதி உறையில போட்டு ஒட்டி வெச்சோமே சார்."

"வேற எழுதி ஒட்டினாப் போச்சு. பத்துன்னு போட்டா பணம் குடுக்கறவங்க மார்ச்சுல இந்தக் கதவைப் பூட்டிடுவாங்க. அப்புறம் நீ எங்க போவே?"

எல்ஸ்பெத் புதிதாக எழுதிக் கையெழுத்துப் போட்டாள். கட்டுரையில் ஐசாவின் பெயர் வராது, 'திருமதி பி' என்றுதானே வரும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். கோழைக்குச் சாக்கா கிடைக்காது?

பத்திரிகைக்காரன் விட்டுவைப்பானா? மகனைக் கடலுக்குக் கொடுத்த தாய் என்று அவன் எழுதியதும் ஊருக்கே புரிந்துவிட்டது. ஐசா அந்தத் தாளோடு வந்து நின்றாள்.

"இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. அப்போ எனக்குத் தெரிஞ்சிருக்கு."

"இல்லம்மா. நாங்க கணக்கைப் பின்னால மாத்திட்டோம். உங்ககிட்ட சொன்னதுதான் நிஜம்."

"நான் நொந்துபோவேன்னு இப்படிச் சொல்றே. இவ்வளவு படிச்சவங்க அச்சுல பொய் போடுவாங்களா?"

பழைய உறையைக் காட்டியிருந்தால் நம்பியிருப்பாள். அதை எல்ஸ்பெத் தன் கையாலேயே கிழித்துக் கணப்பில் போட்டிருந்தாள்.

ஐசா தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"கஞ்சி ஊத்தறப்பவே சொல்லியிருக்கலாம்," என்றாள்.