சோமசேகரத்தின் கல்வெட்டு

கொம்பியூட்டர் இறுகி அசையாமல் நின்றால் உடனே நிப்பாட்டிப்போட்டுத் திரும்பப் போடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சாவகச்சேரியில் முருகேசுவின் அச்சகத்துக்குக் கொம்பியூட்டர் திருத்த நான் போனபோது, மனுசன் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு நின்றார்.

“கையை எடுங்கோ!” என்று கத்தினேன். “நிப்பாட்டினால் சேவ் பண்ணாததெல்லாம் போயிடும்.”

“நேற்றுத் தொடக்கம் இப்பிடியே கிடக்கு நதானியேல். எவ்வளவு நேரம் பாக்கிறது?”

பக்கத்தில் கஜீவன் நின்றான். காங்கேசன்துறைக்காரன், கப்பலில் வேலை செய்த சோமசேகரத்தின் மகன். ஒருவர் செத்தால் முப்பத்தோராம் நாளில் வீட்டுக்காரர் கொடுக்கும் நினைவுப் புத்தகத்தைக் கல்வெட்டு என்போம். சோமசேகரத்தின் கல்வெட்டுக்காக அவர் மனைவி பத்மாசினி நேற்றுக் காலை இங்கே மூன்று மணித்தியாலம் இருந்து சொல்லச் சொல்ல, அச்சகத்தில் வேலை செய்யும் றொசாந்தி ரைப் பண்ணியிருக்கிறாள். பின்னேரம் அந்த அம்மாவுக்குப் பாரிசவாதம். இப்போது ஆஸ்பத்திரியில், பேச்சில்லாமல் கிடக்கிறார்.

“பேச்சுத் திரும்பாதாம் அண்ணை,” என்றான் கஜீவன். “அப்பா எந்நேரமும் கப்பலிலை. அவரைப் பற்றி எனக்கு ஒண்டும் தெரியாது. அம்மா சொன்னது உதுக்குள்ளைதான் இருக்கு.”

நடந்தது இதுதான். நேற்று மத்தியானம் இடி முழங்க, வழக்கம்போல முருகேசு ஓடிப்போய் வயரெல்லாம் பிடுங்கியிருக்கிறார். எல்லாக் கோப்புகளும் இருக்கும் மூலைச் சேர்வர்ப் பெட்டியையும் சேர்த்துத்தான். அது பிறகு உயிர்க்கவேயில்லை. றொசாந்தி வேலையாயிருந்ததால் பிடுங்காமல் விட்ட அவளின் கொம்பியூட்டரோ, செத்த பெட்டியின் பதிலுக்காக விறைத்துப்போய் நின்றது.

செத்ததை எழுப்ப என்னால் முடியாது. ஆனால் காத்திருக்கிறதுக்கு, காத்திராதே என்று சொல்லலாம். பெட்டியின் நெற்வேர்க் முகவரியை என் லப்ரொப்புக்குக் கொடுத்து, அதே வயரில் செருகினேன். இனி றொசாந்தியின் கொம்பியூட்டர் கேட்டால், “அப்படியொரு கோப்பு இங்கே இல்லை” என்றாவது ஒரு பதில் போகும்.

ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பிழைச் செய்தி வந்தது. அதை மூடியதும் பக்கம் அசைந்தது. என்ரை ஆண்டவரே! உடனே பென்டிரைவில் சேவ் பண்ணினேன்.

கஜீவன் குனிந்து வாசித்தான். நானும் வாசித்தேன்.

“அன்பும் பண்பும் ஒருங்கே அமையப் பெற்று, சுற்றம் போற்ற வாழ்ந்த அமரர் சோமசேகரம் அவர்கள், எம்மை ஆறாத் துயரில் ஆழ்த்தி இறைபதம் எய்தினார்.” இப்படியே இரண்டு பக்கம். இதே வசனங்களை இந்த அச்சகத்தின் நூறு கல்வெட்டில் வாசித்திருப்பேன்.

“அம்மா சொன்னது எங்கை பிள்ளை?” என்றேன்.

றொசாந்தி விழித்தாள். “எல்லாருக்கும் உப்பிடித்தானே அண்ணை போடுறது? அவ அழுதழுது கதைச்சவ. அதை அப்பிடியே போட்டால் சனம் சிரிக்குமெண்டு நான்தான் வடிவாக்கிப் போட்டனான்.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவளை ஏசி என்ன? முருகேசு பழக்கிய பழக்கம் அது.

கஜீவன் மெல்லக் கேட்டான்: “அவ என்ன சொன்னவ தங்கச்சி? ஒண்டெண்டாலும் ஞாபகமிருக்கோ?”



“கடலைப் பற்றி ஏதோ சொன்னவ,” என்றாள் றொசாந்தி. “கனக்கச் சொன்னவ.”