கழலாத தட்டு

பழைய கிராமபோன் என் வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் தெருவில் மாலை ஆகவில்லை. அதன் சுழல்தட்டு நடுக்கம்பியில் இறுகிப்போயிருந்தது. தட்டு நின்றால் தெருவும் நிற்கும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

வெயில் எதிர்வீட்டுச் சுவரில் பாதி ஏறி நின்றது. பால்காரர் காலிக் கேனோடு வந்தார். மாடு இன்னும் மத்தியானத்தில் இருக்கிறது என்று வருத்தம் தெரிவித்துவிட்டுப் போனார்.

மாடியில் குடியிருக்கும் பிலோமினாவுக்குத்தான் சிரமம். அவளுக்கு இடுப்புவலி பிடித்து, பாதியில் நின்றுவிட்டது. பொழுது சாய்ந்த பிறகுதான் பிள்ளை பிறக்கும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவள் கணவன் மிக்கேல் உப்பு லாரி ஓட்டுகிறவன். அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போகப் பார்த்தான். ஆட்டோ வேகமாகத்தான் போனது. தெரு அதைவிட வேகமாக நீண்டது. தையல்கடையைத் தாண்டவே முடியவில்லை. பெட்ரோல் தீர்ந்ததும் இறங்கினார்கள். திரும்பி வர நாலு எட்டுதான் இருந்தது.

மிக்கேல் என் வாசலில் வந்து நின்றான்.

"எஸ்தரக்கா, தட்டக் கழட்டிருவியளா?"

"கழட்டித்தான் ஆகணும்."

"ஒடஞ்சிட்டுன்னா?"

"ஒடஞ்சா மத்தியானமே நெலச்சிரும்."

அவன் தரையைப் பார்த்தான். "அவ தாங்க மாட்டாக்கா," என்றான்.

நான் துறைமுகத்தில் லாரிகளை எடை போடுகிறவள். இயந்திரத்திடம் அவசரம் காட்டக்கூடாது என்பது மட்டும் எனக்குத் தெரியும். கைப்பிடியை அசைத்துப் பார்த்தேன். ஸ்பிரிங்கில் முறுக்கு ஏதும் மிச்சமில்லை. நடுக்கம்பியைச் சுற்றி மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். அது ஊறி இறங்கக் காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. நேரம்தான் இல்லையே.

அப்போது ஒரு போலீஸ்காரர் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"தெருமுனையில ஒங்க சாயங்காலம் நிக்கி. போக்குவரத்துக்கு எடஞ்சலா இருக்கு."

"சத்தம் போடுதா?"

"இல்ல. சும்மாத்தான் நிக்கி." அவர் குரல் தாழ்ந்தது. "நான் இவ்வளவு கிட்டத்துல பாத்ததில்லம்மா. ரொம்பப் பெருசு."

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டியைவிட உயரமாக அது நின்றது. அடியில் செம்மஞ்சள். மேலே போகப் போக ஊதா. அதற்குள் காக்கைகள் கூட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன. பேருந்துகள் அதன் முன்னால் வரிசையாக நின்றன. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.

தட்டைக் கழற்ற ஒரு முறை இருக்கிறது. விளிம்புக்கு அடியில் இரண்டு பக்கமும் விரல்களைக் கொடுத்து, சமமாக மேலே தூக்க வேண்டும். அதே சமயம் இன்னொருவர் நடுக்கம்பியின் தலையில் மரச்சுத்தியால் மெல்லத் தட்ட வேண்டும். நெம்பக்கூடாது. நெம்பினால் தட்டு வளைந்துவிடும்.

போலீஸ்காரர் தனக்கு உத்தரவு இல்லை என்றார். மிக்கேல் சுத்தியை எடுத்தான். குறி தவறியது. என் கட்டைவிரலில் அடித்தான். மன்னிப்புக் கேட்டுவிட்டு, அதே விரலில் மறுபடியும் அடித்தான்.

மாடிப்படியில் காலடி கேட்டது. பிலோமினா சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள்.

"நீ எதுக்கு எறங்குன?" மிக்கேல் பதறினான்.

"எம்புள்ளைக்கில்லா பொழுது வரணும்? சுத்தியக் கொண்டா." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "நீங்க தூக்குங்கக்கா. நான் தட்டுதேன்."

ஒரு கையை வயிற்றில் வைத்துக்கொண்டு, மறு கையால் அடித்தாள். முதல் அடிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்த அடிக்கு எதிர்வீட்டுச் சுவரில் வெயில் ஒரு செங்கல் ஏறியது. அவள் அதைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு இன்னொன்று அடித்தாள். கடல் ஓர் அலை அடித்து நிறுத்தியது. எங்கள் வீட்டுக்குக் கடல் சத்தம் கேட்காது. அன்று கேட்டது.

"விட்டுராத," என்றேன்.

"விடல."

தட்டு எழுந்தது. எடையே இல்லை. எடை விஷயத்தில் நான் தவறுவதில்லை.

அடியில் மோட்டார் இருக்கும் என்று நினைத்திருந்தேன். வட்டமாக இருட்டுதான் இருந்தது. வெகு ஆழத்தில் நட்சத்திரங்கள், புதிதாக எண்ணெய் போட்டவைபோல, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. குளிர்ந்த காற்று மேலே வந்து எங்கள் முகத்தில் பட்டது. மிக்கேல் முழங்காலிட்டான். போலீஸ்காரர் தொப்பியைப் போட்டுக்கொண்டு சல்யூட் வைத்தார். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கையில் தட்டு இருந்தது.

மாலை தெருவுக்குள் நடந்து வந்தது. ஒவ்வொரு வாசலிலும் சற்று நின்று வந்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். அது கடந்துபோன வீடுகளில் விளக்குகளை யாரோ மெதுவாகப் போட்டார்கள்.

"வந்துட்டுக்கா," என்றாள் பிலோமினா. மாலையைச் சொன்னாளா வலியைச் சொன்னாளா என்று கேட்க நேரமில்லை. நேரம் ஓடத் தொடங்கியிருந்தது.

அந்த அறையிலேயே பிறந்தது. பெண்பிள்ளை. பக்கத்து வீட்டு நர்ஸ் பொன்னுத்தாய் ஓடிவந்து பார்த்துக்கொண்டாள். பிள்ளையைத் துடைத்துக் கையில் ஏந்தியபடி திரும்பினாள்.

"தாயப் பாக்கணும். இவள எங்க போட?"

என்னிடம் தட்டு மட்டும்தான் இருந்தது. மேலே ஒட்டியிருந்த பச்சைக் கம்பளித்துணி வெதுவெதுப்பாக இருந்தது. நீட்டினேன். கிடத்தினாள்.

தட்டு என் உள்ளங்கைகளின் மேல் தானாகச் சுற்ற ஆரம்பித்தது. மெதுவாக. பிள்ளை அழவில்லை. கண்ணைத் திறந்து, சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தது. தாயை. தகப்பனை. பொன்னுத்தாயை. தொப்பியை மறுபடி கழற்றிவிட்ட போலீஸ்காரரை. ஜன்னலில் குனிந்து எட்டிப் பார்த்த மாலையை.

அடுத்தது நான். தலைமுடியை ஒதுக்கிவிடக் கை ஒழிவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.