நன்றிப் பட்டியல்

எங்கள் ஊர் உஜுங்பெருங்கில் புது காசெட் வந்தால் யாரும் முதலில் பாட்டைக் கேட்பதில்லை. உறைக்குள் மடித்து வைத்திருக்கும் தாளை விரித்து, நன்றிப் பட்டியலில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுவார்கள். இருந்தால் பாட்டைப் போடுவார்கள். இல்லாவிட்டால் அந்தக் குழுவோடு அப்புறம் பேச்சுவார்த்தை கிடையாது.

லெபுர் என்ற இசைக்குழுவில் என் அண்ணன் எங்குஸ் டிரம்ஸ் வாசித்தான். அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கு அந்தத் தாளை எழுதும் வேலை எனக்கு வந்தது. நான் பள்ளிக்கூடத்தை விட்டு ஒரு வருடம் ஆகியிருந்தது. கையெழுத்து மட்டும் கெடவில்லை. பெரிய தாளில் எழுதிக் கொடுத்தால், ஜெராக்ஸ் கடையில் காசெட் அளவுக்குச் சுருக்கி முந்நூறு பிரதி எடுத்துவிடுவார்கள்.

பாடகர் ஓஹிம் எங்கள் வீட்டுத் தரையில் படுத்துக்கொண்டு பெயர்களைச் சொன்னார். ஸ்பீக்கர் கொடுத்தவர், பொரித்த பாலா-பாலா பலகாரம் விற்கும் ஈரோ அக்கா, செத்துப்போன எங்கள் பூனை.

"பூனைக்குமா?" என்றேன்.

"ஒரு ஒத்திகை விட்டதில்ல அது. சில பேரு மாதிரி இல்ல."

பட்டியல் முடிந்தது. குழுவின் கிட்டார்காரர் காங் யாயத்தின் பெயர் வரவில்லை. எங்கள் ஊரில் மூத்த ஆண்களைக் காங் என்றும் சின்னப் பெண்களை நெங் என்றும் கூப்பிடுவோம்.

கிட்டார் கம்பிகளைத் தொளதொளவென்று இறக்கி, நின்று நின்று மிதிக்கிற அந்த மெட்டுகளை எல்லாம் போட்டது அவர்தான். வேகமாக ஓடுகிற பாட்டு அவருக்குப் பிடிக்காது. ஆலை இயந்திரம் மாதிரி நடக்கணும் என்பார். ஆல்பத்தின் பெயரும் அவர் பாட்டின் பெயர்தான்: 'இரண்டாம் சங்கு'. ஆனால் பாட்டு பதிவான மூன்று நாளும் அவர் வரவில்லை. நூல் ஆலையில் அப்போதுதான் சேர்ந்திருந்தார். லீவு கேட்டால் வேலை போய்விடும். அவருடைய மெட்டை அப்படியே தெனி என்பவர் வாசித்தார்.

"காங் யாயத்..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"தெனி பேரு போட்டாச்சுல்ல?"

"மெட்டெல்லாம் அவரோடது, காங்."

"நெங், நீ எழுத வந்தியா, பஞ்சாயத்து பண்ண வந்தியா? நாங்க ஸ்டுடியோவுல வாசலப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். தொர அங்க நூல் சுத்திக்கிட்டிருந்தாரு."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவன் சொல்றத எழுது" என்றான்.

எழுதினேன். அவர்கள் எழுந்து போனபின், தாளின் அடி ஓரத்தில் எறும்பு எழுத்தில் ஒரு வரி சேர்த்தேன்: கிட்டார் மெட்டுகள் எல்லாம் யாயத். ஓஹிம் கண்ணில் படாது, தேடுகிறவருக்குக் கிடைக்கும். அப்போது அது எனக்குப் பெரிய தைரியமாகத் தெரிந்தது.

மறுநாள் காங் யாயத் கடைத்தெருவில் என்னை நிறுத்தினார். "நீதான் எழுதினியாமே. என் பேரு இருக்கா?"

"இருக்கு, காங். கடைசியில பாருங்க."

"ஓஹிம் பய போட மாட்டான்னு நெனச்சேன்." சிரித்தார். "ஆலையில சொல்லிடறேன் அப்ப. மெட்டு என்னோடதுன்னா ஒருத்தனும் நம்பல."

சனிக்கிழமை மதியம் இளைஞர் மன்றத்தில் வெளியீடு. நான் வாசலில் காசெட் மேசையில் இருந்தேன். காங் யாயத் ஆலைச் சட்டையோடு, கூட வேலை செய்யும் இரண்டு பேரை இழுத்துக்கொண்டு வந்தார்.

"பாருங்கடா இப்ப." தாளை விரித்தார். மேலிருந்து விரலை ஓட்டினார். பூனையின் பெயரைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தார். விரல் அடியில் வந்து நின்றது.

சுருக்குவார்கள் என்பது எனக்கு முன்பே தெரியும். எறும்பு எழுத்தும் கூடவே சுருங்கும் என்று மட்டும் தோன்றவில்லை. அந்த இடத்தில் மெல்லிய கறுப்புக் கீறல்தான் இருந்தது. அவர் அதை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

"இதுவா, நெங்?"

"பெருசா எழுதினா காங் ஓஹிம் பாத்துடுவாருன்னு..."

"டேய், பூனைக்கு இருக்கு, உனக்கு இல்லையேடா!" என்றார் ஒருவர். மற்றவர் சிரிக்கவில்லை.

உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்தது. அவருடைய மெட்டின் மிதி சுவரில் அதிர்ந்தது. காங் யாயத்தின் இடதுகை விரல்கள் கால்சட்டைமேல் அதனோடு நடந்தன. ஒன்றரை மணிக்கு ஆலையில் முதல் சங்கு ஊதியது. இரண்டாவது ஊதினால் கதவை அடைத்துவிடுவார்கள். அவர் தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்து, காசெட்டை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அதற்குள் நாற்பத்தொரு காசெட் போயிருந்தது. அவற்றை இனி ஒன்றும் செய்ய முடியாது. மிச்சத்தை ஒவ்வொன்றாகத் திறந்து, தாளின் நடுவில், மற்றப் பெயர்களின் மேலேயே, பெரிதாக எழுத ஆரம்பித்தேன்.

பத்தாவதை எழுதும்போது, இடைவேளையில் ஓஹிம் வியர்வையோடு வெளியே வந்தார். "என்ன பண்ற?"

"காங் யாயத் பேரு எழுதுறேன்."

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல." இந்தமுறை என் குரல் கேட்டது. மேசைப் பக்கம் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓஹிம் பேனாவைப் பிடுங்கிக்கொண்டார். அவருக்குப் பின்னால் அண்ணன் கையில் குச்சிகளோடு நின்றான். என்னைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

என் பையில் எப்போதும் இரண்டு பேனா இருக்கும். மற்றதை எடுத்தேன்.